இன்ஜெக்டரை மாற்றுவதற்கு முன்: டீசல் எஸ்யூவியின் மைலேஜ் எங்கே போகிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். 2018 மாடல், 2.2 லிட்டர் டீசல், ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி, மேனுவல் கியர், 92,000 கிமீ ஓடியிருக்கிறது. முன்பு லிட்டருக்கு 14 கொடுத்த வண்டி இப்போது 9 தான் கொடுக்கிறது. சர்வீஸில், எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் நான்கையும் மாற்றச் சொல்கிறார்கள், லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும், மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே போகிற போக்கில் நாலைந்து விஷயம் சொல்லியிருக்கிறீர்கள். கரூரில் இருந்தவரை தினமும் திருச்சி போய் வந்த வண்டி, இப்போது கோவையில் பள்ளிக்கும் ஆபீசுக்கும்தான் ஓடுகிறது. போன கோடையில் வண்டி சூடேறியதால் பக்கத்து மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டார். டயர் தேய்ந்ததும் ஒரு சைஸ் பெரிதாகப் போட்டீர்கள். இரண்டு மாதத்துக்கு முன் முன்பக்க பிரேக் பேடு மாற்றினீர்கள். ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது, புகை இல்லை. நீங்கள் கேட்டது இன்ஜெக்டரைப் பற்றி. தெரிய வேண்டியது அந்த 5 கிமீ எங்கே போகிறது என்பது. அதற்கான விடை பெரும்பாலும் நீங்கள் போகிற போக்கில் சொன்ன விஷயங்களில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

டீசல் வண்டிகளில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்போதைக்கு இன்ஜெக்டரில் கை வைக்காதீர்கள். வண்டியை நேரில் பார்க்காமல் இன்ஜெக்டர் நன்றாக இருக்கிறது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் இவ்வளவு பெரிய இழப்புக்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது என்று கணக்குப் போட்டே சொல்லலாம்.

14 கொடுத்தபோது 100 கிமீக்கு 7.1 லிட்டர் டீசல் போனது. 9 கொடுக்கும்போது 11.1 லிட்டர் போகிறது. நூறு கிலோமீட்டருக்கு 4 லிட்டர் கூடுதல், அதாவது பாதிக்கும் மேல் அதிகம். இந்த 4 லிட்டரை இன்ஜெக்டர்தான் கூடுதலாக ஊற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஒழுங்காக எரிந்தால் வண்டி தானாக வேகமெடுக்கும், நீங்கள் ஆக்ஸிலரேட்டரில் காலைத் தளர்த்துவீர்கள், செலவு பழையபடி ஆகிவிடும். எரியாமல் போனால் அந்த டீசல் எங்காவது தெரிந்தாக வேண்டும். ஒன்று, பழைய டவுன் பஸ் மாதிரி பின்னால் கரும்புகை வரும். இல்லையென்றால் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கும். புகை இல்லை என்கிறீர்கள். நாளைக் காலை வண்டி குளிர்ந்திருக்கும்போது டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தாலோ, விரலில் தொட்டால் டீசல் வாடை அடித்தாலோ நான் சொன்னதை மறந்துவிட்டு உடனே இன்ஜெக்டரைப் பாருங்கள். இரண்டும் இல்லை, பார்க்கிங்கில் டீசல் சொட்டும் கறையும் இல்லை என்றால், எஞ்சின் டீசலை எரித்து வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அந்த வேலை எதற்குப் போகிறது என்பதைத்தான் தேட வேண்டும்.

தேடுவதற்கு முன்னால் 14, 9 என்ற இரண்டு எண்களும் எப்படி வந்தன என்று பாருங்கள். மீட்டரில் தெரியும் சராசரியை நம்ப வேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் அது கொஞ்சம் தாராளமாகவே காட்டும். ஒரே பெட்ரோல் பங்கில், முடிந்தால் அதே பம்பில், ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்புங்கள். அதற்கு மேல் குலுக்கிக் குலுக்கி ஊற்றச் சொல்லாதீர்கள். குறைந்தது 300, 400 கிமீ ஓட்டிவிட்டு அதே மாதிரி மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். இரண்டு முறை செய்து இரண்டும் ஏறக்குறைய ஒத்துவந்தால் அதுதான் உண்மையான எண். பங்க் அளவில் சந்தேகம் இருந்தால் 5 லிட்டர் அளவுக் குவளையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். முத்திரையிட்ட குவளை ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும், கேட்பது உங்கள் உரிமை. 5 லிட்டருக்கு 25 மில்லி வரைதான் வித்தியாசம் அனுமதி. எப்படிப் பார்த்தாலும் 14க்கும் 9க்கும் உள்ள இடைவெளியைப் பங்க் அளவு விளக்காது. கம்பெனி விளம்பரத்தில் வரும் ஏ.ஆர்.ஏ.ஐ. (வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) மைலேஜ் எண்ணையும் ஒதுக்கிவிடுங்கள். அது ஏசியை அணைத்து, ரோலர் மேல் நிறுத்தி, அதிகபட்சம் 90 கிமீ வேகத்தில் ஓட்டி எடுத்தது. வண்டிக்கு வண்டி ஒப்பிட உதவும், உங்கள் வண்டியின் நோயைக் கண்டுபிடிக்க உதவாது.

இப்போது டயர். 235/65 ஆர்17 இருந்த இடத்தில் 245/70 ஆர்17 போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பழைய டயரின் விட்டம் சுமார் 737 மிமீ, புதியது சுமார் 775 மிமீ. 5 சதவீதம் பெரிது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்துத்தான் ஓடோமீட்டர் தூரத்தைக் கணக்கிடுகிறது. நீங்கள் 105 கிமீ ஓடினாலும் அது 100 என்றுதான் சொல்லும். ஆக நீங்கள் 9 என்று நினைப்பது உண்மையில் 9.4க்கு மேல். கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் காணாமல் போனது காகிதத்தில் மட்டும்தான். நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கற்களை வைத்தோ, போன் மேப்பை வைத்தோ 20 கிமீ ஓட்டிச் சரிபார்த்தால் தெரிந்துவிடும். பெரிய டயர் கனமும் கூட. ஒவ்வொரு சிக்னலிலும் அதை மறுபடி சுற்றிக் கிளப்ப வேண்டியிருப்பதால் நகர ஓட்டத்தில் கொஞ்சம் உண்மையான இழப்பும் உண்டு. அது எவ்வளவு என்பது டயரைப் பொறுத்தது. மறுபடி டயர் மாற்றும்போது கம்பெனி சைஸுக்கே போய்விடுங்கள் என்பது என் கருத்து. இப்போதே கழற்றித் தூக்கிப்போடத் தேவையில்லை.

அடுத்தது ஓட்டம் மாறியது. இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் உங்கள் விஷயத்தில் மிகப் பெரிய பங்கு இதற்கு இருக்கலாம். பள்ளி வாசலில் பிள்ளைக்காக ஏசி போட்டுக்கொண்டு அரை மணி நேரம் காத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். இந்த அளவு டீசல் எஞ்சின் ஏசியோடு சும்மா நின்றால் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். ஒரு நாளைக்கு 24 கிமீ ஓடுகிறது, ஓடும்போது 12 கொடுக்கிறது என்று வைத்தால் 2 லிட்டர் போகும். அதோடு நின்ற இடத்தில் அரை லிட்டர் சேரும். 24ஐ 2.5ஆல் வகுத்தால் 9.6. வண்டியில் ஒரு பழுதும் இல்லாமலேயே 12 கொடுக்கும் வண்டி 9.6க்கு வந்துவிட்டது. கரூர்–திருச்சி சாலையில் ஐந்தாவது, ஆறாவது கியரில் ஓடியபோது கிடைத்த 14ஐ சிங்காநல்லூர் சிக்னலில் நின்றுகொண்டு எதிர்பார்க்க முடியாது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேங்கை நிரப்பிக்கொண்டு பழைய சாலையிலேயே பழைய வேகத்தில் திருச்சி வரை போய் வாருங்கள். 13க்கு மேல் வந்தால் வண்டியில் பெரிய குறை இல்லை. 10, 11 என்று வந்தால் கீழே சொல்வதையெல்லாம் பார்த்தாக வேண்டும்.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதைத் திரும்பப் போட்டே ஆக வேண்டும். நம் ஊரில் இது பழைய பழக்கம். வண்டி சூடேறினால் ‘நம்ம வெயிலுக்கு இதெல்லாம் எதுக்கு’ என்று வால்வைக் கழற்றி வெறும் கூட்டை மட்டும் மாட்டிவிடுவார்கள். அந்த வால்வுக்குள் ஒரு மெழுகுக் குப்பி இருக்கிறது. தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டியதும் மெழுகு விரிந்து வால்வைத் திறக்கும், அதற்குப் பிறகுதான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும். அது இல்லையென்றால் ஸ்டார்ட் செய்த நொடியிலிருந்தே தண்ணீர் ரேடியேட்டரைச் சுற்றிவரும், எஞ்சின் 90 டிகிரிக்கு வரவே வராது. வண்டியின் கம்ப்யூட்டர் இன்னும் எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து அதற்கேற்ப டீசலைக் கொடுக்கும், ஆயில் கெட்டியாகவே இருந்து உராய்வு கூடும். நாலைந்து கிலோமீட்டர் பள்ளிப் பயணத்தில் எஞ்சின் சூடேறுவதற்குள் பயணமே முடிந்துவிடும்.

இதைச் சோதிக்க மெக்கானிக் கூடத் தேவையில்லை. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஃபேன் பக்கம் கை போகாமல், ரேடியேட்டருக்கு மேலே வரும் தடித்த ரப்பர் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். வால்வு இருந்தால் எஞ்சின் சூடேறும்வரை ஹோஸ் குளிர்ச்சியாகவே இருக்கும், பிறகு சட்டென்று கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். வால்வு இல்லையென்றால் தொடக்கத்திலிருந்தே மெதுமெதுவாக வெதுவெதுப்பாகிக்கொண்டு வரும். ஆயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் புளூடூத் ஓபிடி கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகினால் போனிலேயே கூலன்ட் வெப்பம் எண்ணாகத் தெரியும். நீலாம்பூர் பைபாஸில் 80 கிமீ வேகத்தில் சீராகப் போகும்போது அது 85, 90 என்று நிற்க வேண்டும். 65, 70 என்று தொங்கினால் காரணம் தெளிவு. டேஷ்போர்டு முள்ளை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்; பல வண்டிகளில் நடுப்பகுதியில் கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருந்தாலும் முள் அசையாமல் நிற்கும்படிதான் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. சில எஞ்சின்களில் இந்த வால்வு திறக்கும்போது அதன் அடிப்பக்கத் தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். வால்வையே கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பி எஞ்சினுக்குள் வரும். முழு லோடில் மலை ஏறும்போது வண்டி இன்னும் சூடேற அதுவே காரணமாகிவிடும். ஆக போன கோடையில் சூடேறியதன் உண்மையான காரணம் இன்னும் அப்படியே இருக்கிறது. ரேடியேட்டர் அடைப்பா, ஃபேன் சரியாகச் சுற்றவில்லையா, வாட்டர் பம்பா, மூடி அழுத்தம் பிடிக்கவில்லையா என்று பார்த்துவிட்டு, கம்பெனி தெர்மோஸ்டாட்டைப் போட்டு, சரியான கூலன்ட்டை ஊற்றி, காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். இதனால் எத்தனை கிமீ திரும்பக் கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். குறுகிய தூர ஓட்டத்தில் நன்றாகவே தெரியும், நெடுஞ்சாலையில் அவ்வளவு தெரியாது.

பிரேக் பேடு மாற்றியதும் மைலேஜ் விழுவது அடிக்கடி பார்ப்பது. பேடை டிஸ்கில் அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் முன்னும் பின்னும் நகர இரண்டு பின்கள் இருக்கின்றன. அவற்றில் கிரீஸ் காய்ந்து போய் மண் ஏறியிருந்தால் பழைய மெல்லிய பேடு இருந்தவரை தெரியாது. புதிய தடித்த பேடு போட்டதும் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தாலும் பேடு டிஸ்கை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். இதற்கும் எளிய சோதனை உண்டு. சமமான சிமெண்டுத் தரையில் வண்டியை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டு, டிரைவர் சீட்டில் ஒருவர் பிரேக்கில் கால் வைக்கத் தயாராக உட்கார்ந்திருக்க, நீங்கள் பின்னாலிருந்து தள்ளுங்கள். 1,900 கிலோ வண்டி என்றாலும் சக்கரங்கள் தடையில்லாமல் சுற்றினால் அதை நகர்த்த 20 கிலோ விசை சுமார் போதும், ஒரு ஆள் தள்ளிவிடலாம். இரண்டு பேர் மூச்சுப் பிடித்துத் தள்ள வேண்டியிருந்தால் எங்கோ பிடிக்கிறது. எது என்று கண்டுபிடிக்க, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் 15 கிமீ ஓட்டிவிட்டு, மெதுவாக உருட்டி நிறுத்தி, நான்கு சக்கரத்தின் டிஸ்கையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பாருங்கள். கையால் தொடவே கூடாது. முன் இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். வலது 70, இடது 150 என்று காட்டினால் குற்றவாளி இடதுபக்கம். பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கான கிரீஸ் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பிஸ்டன் துருப்பிடித்திருந்தால் ரிப்பேர் கிட் போட வேண்டும். இது மைலேஜைவிட உயிர் சம்பந்தப்பட்டது, அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

டயர் காற்று எல்லோருக்கும் தெரிந்ததுதான். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவு, வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். நான்கிலும் காற்றழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் 0.2 சதவீதம் மைலேஜ் போகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு. 10 குறைந்தால்கூட 2 சதவீதம்தான். மைலேஜ் பாதியானதற்குக் காற்றைக் குறை சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். வேகமும் மேலே இருக்கும் கேரியரும் அதைவிடப் பெரியவை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80ல் இருப்பதைவிட 110ல் கிட்டத்தட்ட 1.9 மடங்கு. எஸ்யூவி ஏற்கெனவே ஒரு சுவரைத் தள்ளிக்கொண்டு போகிறது. சபரிமலை போனபோது மாட்டிய கேரியர் இன்னும் மேலேயே கிடந்தால் இறக்கிவிடுங்கள்.

எஞ்சின் பக்கம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்கள். 90,000 கிமீ ஆன வண்டியில் கிளிப் தளர்வதும், அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாமல் கீறல் விழுவதும் சகஜம். இழுக்கும்போது ‘ஸ்ஸ்’ என்ற சத்தம், பிக்கப் குறைவு, ஹோஸைச் சுற்றி ஆயில் ஈரம், இவை அடையாளம். காற்று வெளியே போனால் இழுவைக்காக நீங்கள் ஆக்ஸிலரேட்டரை அதிகம் மிதிப்பீர்கள், கியரையும் இறக்குவீர்கள். ஹோஸ் விலை சில ஆயிரம்தான். ஏர் ஃபில்டரை மாற்றுங்கள், ஆனால் அதனால் மைலேஜ் துள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009ல் நவீன பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்களில் சோதித்தபோது, அடைத்த ஃபில்டர் பிக்கப்பைக் குறைத்ததே தவிர மைலேஜைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. டீசலில் ஃபில்டர் மோசமாக அடைத்தால் புகையும் இழுவைக் குறைவும் முதலில் தெரியும். புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்துத் திறந்தபடி நின்றாலும் அதே அறிகுறிதான், ஸ்கேனரில் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்க்க, காலியான சாலையில் நான்காவது கியரில் 50ல் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். வேகம் ஏறாமல் ஆர்.பி.எம். முள் மட்டும் தாவினால் கிளட்ச் போய்விட்டது. கடைசி சர்வீஸில் கம்பெனி சொன்ன 5டபிள்யூ-30 எஞ்சின் ஆயிலுக்குப் பதில் டிரம்மிலிருந்து கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றிவிட்டார்களா என்று பில்லையும் ஒருமுறை பாருங்கள்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு வரி. 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்-6 டீசல் என்றால் புகையில் வரும் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் இருக்கும். அதில் சேரும் கரியை எரிக்கக் கூடுதல் டீசல் செலவாகும், குறுகிய ஓட்டமே ஓட்டினால் அந்த எரிப்பு பாதியில் நின்று மறுபடி மறுபடி தொடங்கும். பெட்ரோல் என்றால் எத்தனால் கலந்த இ20 வந்த பிறகு சில சதவீதம் குறைவது இயல்பு. எத்தனாலில் லிட்டருக்கு இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான், அதனால் 20 சதவீதம் கலந்தால் 6, 7 சதவீதம் வரை போகலாம். அதற்கு மேல் குறைந்தால் ஓபிடி கருவியில் ஃபியூயல் டிரிம் எண்ணை, அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவில் செய்யும் திருத்தத்தின் சதவீதத்தை, பாருங்கள். அது கூட்டலிலோ கழித்தலிலோ 10ஐத் தாண்டி நின்றால் ஆக்சிஜன் சென்சார், காற்று கசிவு, ஏர்ஃப்ளோ சென்சார் என்று தேடத் தொடங்கலாம்.

இத்தனையும் பார்த்த பிறகும் பழைய சாலையில் 10தான் வருகிறது என்றால் இன்ஜெக்டருக்கு வாருங்கள். அப்போதும் மாற்றச் சொல்லாதீர்கள், சோதிக்கச் சொல்லுங்கள். நான்கு இன்ஜெக்டரிலும் மிச்ச டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் குழாயைத் தனித்தனி பாட்டிலில் விட்டு, ஐடிலில் சில நிமிடம் ஓடவிட்டு, எதில் அதிகம் சேர்கிறது என்று பார்ப்பார்கள். மற்றவற்றைப்போல் இரண்டு மூன்று மடங்கு சேர்ந்தால் அது உள்ளே தேய்ந்துவிட்டது. ஆனால் இந்தச் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு. ரிட்டர்ன் டீசல் வீணாவதில்லை, டேங்குக்கே திரும்புகிறது. அதனால் ரிட்டர்ன் அதிகம் என்பது ஸ்டார்ட்டிங் தகராறைச் சொல்லுமே தவிர, மைலேஜ் இழப்பை நேரடியாக நிரூபிக்காது. தெளிப்பு சரியாக இருக்கிறதா என்பதைக் கழற்றி பெஞ்சில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும், டீசல் பம்ப் கடைகளில் அந்த வசதி இருக்கிறது. ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்யூட்டர் செய்யும் டீசல் திருத்தத்தையும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். மூன்று ஒரே மாதிரியும் ஒன்று மட்டும் விலகியும் இருந்தால் அந்த ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். நான்கையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றால் நான்கின் ரிப்போர்ட்டும் உங்கள் கைக்கு வர வேண்டும். மாற்றும்போது அடியில் இருக்கும் செப்பு வாஷர் புதிதாகப் போட வேண்டும், புதிய இன்ஜெக்டரின் தலையில் அச்சிட்டிருக்கும் குறியீட்டு எண்ணை ஸ்கேனர் வழியாக கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பழைய எண்ணோடே விட்டால் புது இன்ஜெக்டரும் தப்பாகத்தான் டீசல் கொடுக்கும். பணம் கட்டுவதற்கு முன் அந்த எண்களை ஏற்றியதற்கான ஸ்கேனர் பிரிண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.